ஆய்வகத்தில் பிறந்த நீலம்

கேள்வி: செயற்கை நீலச் சாயத்தை 1880-லேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். விற்பனைக்கு வந்ததோ 1897-ல்தான். நடுவில் 17 ஆண்டுகள் ஏன்? ஒரு வேதிப்பொருளைச் செய்வது கட்டுப்படியாகுமா என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: கட்டுப்படியாகவில்லை என்பதே காரணம். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1880-ல் கண்ட வழியில் நீலம் கிடைத்தது. ஆனால் அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தின் விலைக்கு அதைத் தர முடியவில்லை. மூலப்பொருள்களின் விலையைக் கூட்டினால் செலவு தெரிந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் செலவைத் தீர்மானிப்பது ஒவ்வொரு படியிலும் கைக்கு மிஞ்சும் விளைச்சல். ஆறு படிகள் கொண்ட தயாரிப்பில் படிக்கு 80 சதவீதம் கிடைத்தால், கடைசியில் மிஞ்சுவது 26 சதவீதம்தான். அதையே 90 ஆக உயர்த்தினால் 53 சதவீதம் கிடைக்கும். ஏறத்தாழ இரு மடங்கு. கடைசிப் படியில் வீணாகும் ஒரு கிராமில் அதுவரை செலவிட்ட அமிலம், எரிபொருள், கூலி எல்லாம் சேர்ந்தே போகிறது.

அடுத்த கேள்வி, மூலப்பொருள் போதிய அளவில் கிடைக்குமா என்பது. பேயர் கண்ட இன்னொரு வழிக்கு டொலுவீன் தேவை. நிலக்கரித் தாரில் அது குறைவு. அதில் நைட்ரோ தொகுதியை ஏற்றினால் ஆர்த்தோ, பாரா என இரு பொருள்கள் உண்டாகும். நீலத்துக்கு ஆர்த்தோ மட்டுமே உதவும். மற்றதை வாங்க ஆளில்லை என்றால் அதன் செலவையும் நீலமே சுமக்க வேண்டும். ஆகவே 1890-ல் சூரிச்சில் கார்ல் ஹாய்மன் கண்ட வழியை ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். எடுத்துக்கொண்டது. அதற்கு வேண்டியது நாஃப்தலீன். நாம் துணி அலமாரியில் போடும் அந்துருண்டை. தாரில் அது ஏராளம். ஆனால் அதை முதலில் தாலிக் நீரிலி என்ற இடைப்பொருளாக மாற்ற விலை உயர்ந்த குரோமிக் அமிலம் தேவைப்பட்டது. புகையும் கந்தக அமிலத்தை வைத்து முயன்றபோது வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தியது, வினை வேகமெடுத்தது. பாதரசம் வினையூக்கியாகிவிட்டது. வெளியேறிய கந்தக டை ஆக்சைடையும் பிடித்து மீண்டும் கந்தக அமிலமாக்கினார்கள்.

அப்படியானால் இது அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். வெப்பமானி உடைந்தது தற்செயல். அந்தக் கலத்தில் நாஃப்தலீன் இருந்தது தற்செயல் அல்ல, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. ஆராய்ச்சிக்கும் ஆலைக்கும் செலவான சுமார் 1.8 கோடி மார்க்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்றும் கேட்கலாம். சேர்க்கத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான டன் விற்கும் சாயத்தில் அந்தத் தொகை கிலோவுக்குச் சிறு பங்காகக் கரைந்துவிடும். சில கிலோ மட்டுமே விற்கும் பொருளை அதே தொகை மூழ்கடித்துவிடும்.

ஆலையின் பேரேட்டில் ஏறாத செலவும் உண்டு. செயற்கை நீலம் வந்ததும் அவுரி விலை சரிந்தது. பீகாரின் சம்பாரணில் தோட்டத் துரைமார், அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக் குத்தகையை உயர்த்தி, தங்கள் நட்டத்தைக் குடியானவர்கள் தலையில் கட்டினார்கள். அதை விசாரிக்கத்தான் 1917-ல் காந்தி அங்கே போனார். ஒரு தயாரிப்பு மலிவு என்று யாராவது சொன்னால் விளைச்சல், மூலப்பொருள், கழிவு மூன்றையும் கேளுங்கள். மீதிச் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.