ஆய்வுக்கட்டுரையைத் தேடிப் படிப்பது

ஆய்வுக்கட்டுரை தேடும் மாணவர் பெரும்பாலும் தன் தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் இடுகிறார். கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. முதலில் எடுக்க வேண்டியது மீளாய்வுக் கட்டுரை. அந்தத் துறையில் அதுவரை நடந்த ஆய்வுகள் அதில் தொகுக்கப்பட்டிருக்கும். அதன் மேற்கோள் பட்டியல் பழைய ஆய்வுகளுக்கு வழிகாட்டும். அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் ஸ்காலரிலேயே கிடைக்கும். இரண்டு பட்டியல்களிலும் திரும்பத் திரும்பத் தென்படும் சில கட்டுரைகளை விடாமல் படித்தாக வேண்டும்.

பணம் கட்டச் சொல்லும் பக்கத்தைக் கண்டு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கத் தேவையில்லை. ஸ்காலரில் அதே கட்டுரையின் பிற பதிப்புகளைத் திறந்தால், ஆசிரியரே ஏற்றிவைத்த இலவசப் படி அகப்படலாம். மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது. இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்கைவ் (arXiv) இருக்கிறது. ஆனால் அங்குள்ளவை முன்பதிப்புகள், சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியாகக்கூடியவை. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. கல்லூரி நூலகரிடம் ஒருமுறை கேட்பது நல்லது. எதுவும் கைகொடுக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாம். அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

கட்டுரையைக் கதைபோல முதல் வரியிலிருந்து படிப்பது வீண் உழைப்பு. கணினி அறிஞர் கேசவ் 2007இல் மூன்று சுற்று வாசிப்பை முன்வைத்தார். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். பல கட்டுரைகளை அத்துடன் மூடிவிடலாம். இரண்டாம் சுற்றில் படங்களையும் வரைபடங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாவதில், அதே ஆய்வைத் தானே செய்வதாக எண்ணி ஒவ்வொரு அனுமானத்தையும் கேள்வி கேட்க வேண்டும். தேர்ந்தெடுத்த மிகச் சிலவற்றுக்கே மூன்றாம் சுற்று தேவைப்படும்.

மாணவர்கள் அதிகம் தாண்டிச் செல்வது முறையியல் பகுதியை. கட்டுரையின் நம்பகத்தன்மை அங்கேதான் தெரியும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து உலகெங்கும் அச்சத்தைப் பரப்பிய லான்செட் மருத்துவ இதழின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஒரு வாக்கியம் இருந்தது. 2010இல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் அதற்குப் பிறகும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆகவே ஒரு கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சேர்ப்பதற்கு முன், ஆய்விதழின் பக்கத்திலோ பப்மெடிலோ அதற்குத் திருத்தமோ திரும்பப் பெறும் அறிவிப்போ வந்திருக்கிறதா என்று மாணவர் பார்த்துவிட வேண்டும்.