நம்பிக்கைகளும் உண்மைகளும்: கோடை முடிவில் பாஸ் மீன் எங்கே போகிறது?

ஆகஸ்ட் வந்தால் அமெரிக்காவின் தென்மாநில ஏரிக்கரைகளில் ஒரே பேச்சுதான். "தண்ணீர் சூடாகிவிட்டது, இனி பாஸ் கடிக்காது, அக்டோபர் வரட்டும்." அட்லாண்டா, டாலஸ் பக்கம் குடியேறி, வார இறுதியில் தூண்டிலோடு ஏரிக்குப் போகப் பழகிய நம்மவர்களும் இந்தப் பேச்சை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். பெருவாய் பாஸ் எனப்படும் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான நன்னீர் மீன். நம் கடலோரக் கொடுவாய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இதைப் பற்றி வாய்வழியாக வந்த அறிவுரைகளில் பலவும் பாதி உண்மை, சில முழுப் பொய். கோடை முடிவிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் இந்த மீனைத் தேடுகிறவருக்கு வேண்டியவை இரண்டே கேள்விகள்: ஆக்சிஜன் எங்கே இருக்கிறது? இரைமீன் எங்கே இருக்கிறது?

நம்பிக்கை: வெயில் காலத்தில் பாஸ் இரை எடுக்காது.

மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில் பாஸின் உடலியக்கம் வேகமாக நடக்கும். குளிர்காலத்தில் செரிக்கப் பல நாள் பிடிக்கும் இரை கோடையில் சீக்கிரமே செரித்துவிடும். அதனால் அது கோடையில்தான் அதிகம் தின்கிறது. உலகச் சாதனை மீன்களையே பாருங்கள். ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தது 1932 ஜூன் 2இல். அந்தச் சாதனையைச் சமன்செய்த மனாபு குரிட்டா, ஜப்பானின் பிவா ஏரியில் தன் மீனைப் பிடித்தது 2009 ஜூலை 2இல். இரண்டுமே வெயில் மாதங்கள்.

பிறகு ஏன் தூண்டில் சும்மா கிடக்கிறது? வசந்தத்திலும் கோடையிலும் பொரித்த குஞ்சுகள் வளர்ந்து, ஏரி முழுக்க இரை மலிந்து கிடக்கும் காலம் இது. விடியலில் சற்று நேரம் வேட்டையாடினாலே பாஸின் வயிறு நிறைந்துவிடும். காலை பத்து மணிக்குப் படகை இறக்குகிறவர் பந்தி முடிந்தபின் வந்தவர். விடியலும் அந்தியும், தெளிந்த நீருள்ள ஏரிகளில் இரவும், இக்காலத்தில் நல்ல நேரங்கள்.

நம்பிக்கை: சூடு தாங்காமல் பாஸ் அடியாழத்துக் குளிர்நீருக்குப் போய்விடும்.

இது பாதி உண்மை. அதனாலேயே அதிகம் பேரை அலையவைக்கிறது.

ஆழமான ஏரி கோடையில் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெயிலில் சூடாகிக் காற்றில் கலங்கும் நீர். கீழே குளிர்ந்து கனத்த நீர். இரண்டுக்கும் நடுவே, சில அடிக்குள் சூடு சட்டென இறங்கும் மெல்லிய அடுக்கு. அதைத் தெர்மோக்ளைன் என்கிறார்கள். இந்த நடு அடுக்கு மூடி போட்டாற்போல் நின்று, மேல்நீரும் கீழ்நீரும் கலக்காமல் தடுக்கிறது. மேலே செத்த பாசி கீழே இறங்கி அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்னும். மூடிக்குக் கீழே புதுக் காற்று புகாது. வளமான தென்மாநில அணை ஏரிகள் பலவற்றில் ஆகஸ்டுக்குள் அடிநீரில் ஆக்சிஜன் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கிய இடத்தில் பாஸ் தங்காது. ஆகவே 20 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் இந்த எல்லை 6 மீட்டரில் இருந்தால், மீதி 14 மீட்டரும் தூண்டில்காரருக்கு வெறும் தண்ணீர். வடக்கே, பாசி குறைந்த தெளிந்த ஏரிகளில் அடிநீரிலும் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். அங்கே கணக்கு வேறு.

எல்லையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. படகிலுள்ள சோனாரின் உணர்திறனைக் கூட்டிவைத்து ஆழமான இடத்தின்மேல் மெதுவாகப் போனால், திரையில் மங்கலான கிடைக்கோடு ஒன்று தெரியும். மீன்களின் குறிகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிடும். அந்தக் கோட்டின் ஆழம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஆழத்துக்குச் சற்று மேலே ஏரித்தரை எங்கெங்கே உயர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். நீருக்குள் நீளும் நிலமுனை, முங்கிய மேடு, அணை கட்டுவதற்கு முன் ஓடிய ஆற்றின் கரைவிளிம்பு ஆகியவைதான் பாஸ் கூடும் இடங்கள். ஆழம் பாயும் செயற்கை இரையான கிராங்க்பெய்ட், ஈயக்குண்டுக்குப் பின்னால் மென்புழு மிதந்து வரும் கரோலினா ரிக், குண்டு கீழேயும் இரை மேலேயும் நிற்கும் டிராப் ஷாட் மூன்றும் இங்கே பலன் தரும்.

டென்னசி ஆற்றின் அணை ஏரிகளில் இன்னொன்றும் உண்டு. கென்டக்கி ஏரியிலும் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியிலும் மின் உற்பத்திக்காக நீரைத் திறந்துவிட்டால், ஏரிக்குள் ஆறுபோல் ஓட்டம் பிறக்கும். அதுவரை சிதறிக் கிடந்த பாஸ் கூட்டம் பழைய ஆற்று விளிம்பில் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, அடித்துவரும் இரையை வாங்கத் தொடங்கும். நீர் திறக்கும் நேரங்களை டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் முன்கூட்டியே வெளியிடுகிறது. வானிலையைப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டவணையைப் பாருங்கள் என்பேன்.

இனி மறுபாதி. எல்லாப் பாஸும் ஆழம் தேடுவதில்லை. முழங்கால் ஆழத்திலும் கோடை முழுவதும் பெரிய மீன் கிடக்கும், மேலே கூரை இருந்தால். கன்டர்ஸ்வில்லில் அந்தக் கூரை ஹைட்ரில்லா. நம் ஊர்க் குளங்களிலும் வளர்கிற அதே நீர்ச்செடிதான், அமெரிக்காவுக்குப் போய் அங்கே ஊடுருவிச் செடியாகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் அது மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். அடியில் நிழல். பகல் வெயிலில் செடி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனையும் தருகிறது. இரவில் அதே செடி ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், அடர்ந்த படர்வுக்குள் விடியலில்தான் ஆக்சிஜன் குறைவு. எனவே இங்கே உச்சிவேளையும் பிற்பகலும் விடியலைவிட நன்றாக இருப்பதுண்டு. உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர் தவளையை அந்தப் படர்வின்மேல் இழுத்து, இடைவெளிகளில் நிறுத்தி நிறுத்தி நகர்த்துங்கள். தண்ணீர் வெடித்ததும் தூண்டிலை வெட்டி இழுக்காதீர்கள். நூலில் மீனின் கனம் தெரியும்வரை பொறுங்கள். தவளைக்கு மீன் எழவில்லையென்றால் 30, 40 கிராம் டங்ஸ்டன் குண்டோடு சிறிய மென்இரையைப் படர்வைத் துளைத்து இறக்கலாம். இதற்கு 50 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நூல் வேண்டும். சாதாரணத் தங்கூஸ் அந்தச் செடிக்குள் அறுந்துபோகும்.

நம்பிக்கை: பாஸுக்குக் கண்ணிமை இல்லை, அதனால் வெயிலில் கண் கூசும்.

இமை இல்லை என்பது சரி. ஆனால் வசந்தத்தில் இதே மீன் பட்டப்பகலில் முழங்கால் ஆழத்தில் கூடு காத்து நிற்கிறது. வெயில் அதை விரட்டுவதாக இருந்தால் அப்போதே விரட்டியிருக்கும். நிழலில் நிற்கும் பாஸுக்கு வெளிச்சத்தில் திரியும் இரை தெளிவாகத் தெரியும். இரையின் கண்ணுக்குப் பாஸ் தெரியாது. படகுத்துறையின் நிழலோரத்தில் அது நிற்பது வேட்டைக்காக. தூண்டில் இரையை நிழலின் நடுவில் போடுவதைவிட நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நகர்த்துவது நல்லது.

நம்பிக்கை: காற்றழுத்தம் மாறினால் மீன் வாய் பூட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் கணக்கு. 10 மீட்டர் நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வலுவான வானிலை மாற்றத்தில் காற்றழுத்தம் 20 மில்லிபார் ஏறினால், அது 20 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். பாஸ் ஒரு முழ ஆழம் ஏறி இறங்கும்போதே அதைவிடப் பெரிய மாற்றத்தைத் தாங்குகிறது. குளிர்காற்று வந்து போனபின் மீன் கடிக்காதது உண்மைதான். ஆனால் கூடவே மேகம் விலகி வெளிச்சம் கூடுகிறது, காற்று அடங்குகிறது, ஆழமற்ற நீர் சட்டெனக் குளிர்கிறது. இவைதான் பெரிய மாற்றங்கள். அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். செடியின் அடர்ந்த பகுதிக்குள் சிறிய இரையை மெதுவாக நகர்த்துங்கள்.

நம்பிக்கை: செப்டம்பர் பிறந்தால் எல்லாப் பாஸும் ஓடைக்குள் போய்விடும்.

போவது பாஸ் அல்ல, ஷாட் மீன். த்ரெட்ஃபின் ஷாட், கிசர்ட் ஷாட் இரண்டும் மத்திக்கு உறவான, கூட்டமாகத் திரியும் மிதவையுயிர் உண்ணிகள். பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கினால் ஷாட் கூட்டங்கள் ஏரியின் நடுவிலிருந்து ஓடைக்கிளைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். பாஸ் பின்தொடரும். இது நாள்காட்டிப்படி நடப்பதில்லை. மின்னசோட்டாவில் செப்டம்பர் இலையுதிர் காலம். டெக்சாஸில் அதே மாதம் இன்னும் கோடை. ஒரே ஏரியிலும் ஒரு பகுதி பாஸ் ஷாட்டின் பின்னால் போகும், ஒரு பகுதி புளூகில் என்னும் சிறு மீனைத் தின்றுகொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே ஓடையின் கடைக்கோடிக்கு விரைந்து ஓடுவது தவறு. ஓடை வாயிலிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போங்கள். மேற்பரப்பில் மழைத்துளி விழுந்தாற்போல் சிறு சலனம், கொக்கு காத்து நிற்பது, தெளிந்த நீரில் வெள்ளிமின்னல் ஆகியவை ஷாட்டின் அடையாளங்கள். இவை இல்லாத ஓடை எவ்வளவு அழகாக இருந்தாலும் நேரத்தை வீணாக்காதீர்கள். இருந்தால் ஸ்குவேர்பில் கிராங்க்பெய்ட்டை மரக்கட்டைகளில் முட்டவிட்டு இழுங்கள். காற்றடிக்கும் கரையில் சுழல்தகடுள்ள ஸ்பின்னர்பெய்ட் நன்று. திறந்த நீரில் பாஸ் கூட்டமாக எழுந்து ஷாட்டை அடிக்கும்போது மேற்பரப்பு இரையைக் கூட்டத்துக்கு அப்பால் எறிந்து ஊடே கொண்டுவாருங்கள். இந்த நேரத்தில் இரையின் அளவில் கவனம் வேண்டும். அந்த ஆண்டு பிறந்த ஷாட் 5, 7 சென்டிமீட்டர்தான் இருக்கிறதென்றால், அதைத் தின்றுகொண்டிருக்கும் பாஸ் உங்கள் 12 சென்டிமீட்டர் இரையைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது.

நம்பிக்கை: ஏரி புரண்டால் அந்த ஆண்டு மீன்பிடி முடிந்தது.

மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, கோடை முழுவதும் பூட்டிக்கிடந்த அடிநீர் மேலே வந்து கலப்பதைத்தான் ஏரி புரள்கிறது என்கிறார்கள். சில நாட்கள் தண்ணீர் கலங்கி, அழுகல் வாடை அடிக்கும், மீனும் சிதறும். ஆனால் ஏரி முழுவதும் ஒரே நாளில் புரள்வதில்லை. ஆழமற்ற மேல்கிளைகள் அடுக்காகப் பிரிவதே இல்லை, ஆகவே அங்கே புரளவும் எதுவுமில்லை. ஓட்டமுள்ள ஆற்றுப் பகுதியும் அப்படியே. அங்கே போய்விடுங்கள். தெற்கில் இந்தப் புரள்வு பெரும்பாலும் அக்டோபருக்கு மேல் நடப்பது. செப்டம்பரில் மீன் கடிக்காத நாளுக்கெல்லாம் இதன்மேல் பழிபோடக் கூடாது.

நம்பிக்கை: சரியான நிறம் கிடைத்தால் போதும்.

இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அதனால் பிரிக்க முடியவில்லை. நீலமும் கறுப்பும் அப்படியே. நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கடைச் சுவரில் தொங்கும் அறுபது நிறங்கள் வேண்டியதில்லை என்பேன். முதலில் ஆழம், பிறகு அளவு, பிறகு வேகம், கடைசியில்தான் நிறம்.

நம்பிக்கை: பிடித்து விட்டுவிட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும்.

போட்டிகளில் பிடித்த பாஸை உயிரோடு விடும் வழக்கத்தைப் போட்டி அமைப்பாளர் ரே ஸ்காட் 1972இல் தொடங்கிவைத்தார். அந்த நல்ல வழக்கம் இன்று அமெரிக்கா முழுவதும் வேரூன்றிவிட்டது. ஆனால் கோடை நீர் வேறு மாதிரி. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரி நீரில் ஏழரைதான். மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீரில் அது குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதைப் பார்த்து மகிழ்கிறோம். அது பிறகு, நம் கண்ணுக்குத் தெரியாமல் செத்துப்போவது உண்டு.

சமைக்கக் கொண்டுபோவதில் தவறில்லை. டெக்சாஸில் பொது விதிப்படி ஒருவர் நாளொன்றுக்கு 5 மீன், ஒவ்வொன்றும் குறைந்தது 14 அங்குலம். ஏரிக்கு ஏரி விதி மாறும், உரிமமும் வேண்டும். எடுத்துப்போவதென்றால் உடனே கொன்று பனிக்கட்டியில் வையுங்கள். விடுவதென்றால் மெல்லிய நூலில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கரைசேர்த்துவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்குங்கள். 8, 9 மீட்டருக்குக் கீழிருந்து வந்த மீனின் காற்றுப்பை ஊதியிருக்கும். அந்த மீனைப் படகுத் தொட்டியில் அடைத்துவைக்காமல் அங்கேயே விடுங்கள். படகுத் தொட்டியில் வைத்தே ஆகவேண்டுமென்றால் காற்றுக்குழாயை நிறுத்தாமல் ஓடவிட்டு, மூடிய புட்டியில் உறையவைத்த நீரை மிதக்கவிட்டுக் குளிரூட்டுங்கள். ஏரி நீரைவிட 5 டிகிரிக்கு மேல் குறைக்க வேண்டாம். படம் எடுக்க ஆசையென்றால், மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், முதலில் கேமராவைத் தயார்செய்துகொள்ளுங்கள். பிறகு தூக்குங்கள், ஒரே படம், உடனே திரும்பத் தண்ணீருக்கு.