கலத்தின் வாசலும் ஜீவனிப் பைக்கற்றும்



கண்டிக்கு அருகே, லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று முதல் நம் மலைகளில் கொழுந்து பறிக்கப்பட்டு, வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு வருகிறது. பச்சைக் கொழுந்தை உருட்டியதும் அது செம்பு நிறமாக மாறுவது ஏன் என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா?

கொழுந்தில் நிறத்துக்குக் காரணமான பொருள் ஓரிடத்திலும், அதை மாற்றும் நொதியம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்து வைத்திருப்பவை கலத்தினுள் இருக்கும் மெல்லிய சவ்வுகளே. உருட்டும்போது அவை கிழிகின்றன. பொருளும் நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுகூட, நிறமும் மணமும் பிறக்கின்றன. ஆகவே, நாம் காலையில் குடிக்கும் தேத்தண்ணீர் கிழிந்த சவ்வுகளின் விளைவாகும்.

நம் உடலின் ஒவ்வொரு கலத்தையும் இத்தகைய மென்சவ்வு சூழ்ந்துள்ளது. ஓர் இலட்சம் மென்சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைத் தாண்டாது. அது பெரும்பாலும் இலிப்பிட்டு எனும் கொழுப்புப் பொருளாலும் புரதங்களாலும் ஆனது. இலிப்பிட்டு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. எனவே அவை இரண்டு வரிசைகளாக, தலைகள் வெளியேயும் வால்கள் உள்ளேயுமாக அமைகின்றன. மார்கழிக் குளிரில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது. ஆனால் கலத்தின் இந்த எண்ணெய்ப் படலம் உறையாமல் இளகியே இருக்கிறது. அதில் புரதங்கள் மிதக்கின்றன. இவ்விளக்கத்தை 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அறிஞர்கள் வெளியிட்டனர்.

இப்போது குசினியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேங்காயெண்ணெயில் சிறிது உப்பையும் சீனியையும் இட்டுக் கலக்குங்கள். இரண்டும் கரையா. அவ்வாறே, உப்பும் சீனியும் கலத்தின் எண்ணெய்ப் படலத்தைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றுக்கு வாசல் வேண்டும். அந்த வாசல்களே புரதங்கள்.

சிறுகுடலின் கலங்களில் விசித்திரமான ஒரு வாசல் உண்டு. அது குளுக்கோசைத் தனியே உள்ளே விடாது; உப்பிலுள்ள சோடியத்தையும் உடன் கொண்டு வந்தால்தான் திறக்கும். இரண்டு சோடியம், ஒரு குளுக்கோசு என்பது அதன் கணக்கு. அவை உள்ளே சென்றதும் நீரும் பின்தொடர்கிறது. 1960இல் ரொபேட் கிரேன் என்பவர் இந்தக் கூட்டுப் பயணத்தை எடுத்துரைத்தார்.

வாந்திபேதிக் கிருமியின் நச்சு குடற்கலத்தின் வேறொரு வாசலைத் திறந்துவிட்டு, உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. ஆனால் குளுக்கோசு வாசல் பழுதடைவதில்லை. அங்கேதான் உயிர் தப்பும் வழி இருக்கிறது.

1971இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையற் சோடா என்ற அளவில் கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் கோப்பைகளில் எடுத்துப் பருகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்கிற்கும் குறைந்தது.

நம் நாட்டில் ஜீவனி என்று நாம் அறிந்த பைக்கற்றில் இருப்பதும் இதே தத்துவந்தான்.

பெற்றோரே, லயத்திலாயினும் நகரத்திலாயினும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால், சீனி அதிகமிட்ட தேத்தண்ணீரோ சோடாவோ கொடுப்பது நம்மிடையே வழக்கம். அது தவறு. அவற்றில் போதிய உப்பு இல்லை. எனவே வாசல் சரிவரத் திறப்பதில்லை. மிகுந்த சீனியோ உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து, வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

ஒரு லீற்றருக்கான ஜீவனியைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். நீரைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சிறிது சிறிதாகப் பருக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிகுதியை ஊற்றிவிடுங்கள். ஜீவனி கிடைக்காவிடில், ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை பருக மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வினா: ஜீவனியில் சீனிச்சத்து சேர்ப்பது சுவைக்காகவா? இன்றிரவு வீட்டில் அம்மாவுக்கு விடையைச் சொல்லிக் காட்டுங்கள்.