ஹார்விக்கு முன்னர் இதயம்: பாரசீக மருத்துவர்களிடமிருந்து ஒரு பாடவேளை

சுற்றோட்ட மண்டலம் நடத்தும்போது, 1628இல் வில்லியம் ஹார்வி தம் நூலை வெளியிட்டார் என்று சொல்லிவிட்டு நேராக இதயப் படத்துக்குச் சென்றுவிடுகிறோம். அதற்கு முன்பிருந்த மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதற்காக நான் ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன்.

முதலில் கிரேக்க மருத்துவர் காலனின் கருத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. சிரைகள் வழியே சென்று உறுப்புகளில் அது செலவாகிவிடுகிறது. இதய இடைச்சுவரின் நுண்துளைகள் வழியாகச் சிறிதளவு இடப்பக்கம் கசிகிறது. பாரசீக மருத்துவர்களும் இதையே அடிப்படையாகக் கொண்டனர்.

ஆனால் அவர்கள் உடலையும் உற்று நோக்கினர். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-மஜூசி, தமனிகளுக்கும் சிரைகளுக்கும் இடையே நுண்ணிய வழிகள் உண்டு என்றார். தமனி வெட்டுப்பட்டால் சிரைகளிலுள்ள இரத்தமும் வெளியேறிவிடுகிறது என்பது அவர் காட்டிய சான்று. மால்பிஜி நுண்ணோக்கியில் தந்துகிகளைக் கண்டது 1661இல்தான். எனினும், இரத்தம் சுற்றி வருகிறது என்று மஜூசி கூறவில்லை.

இப்னு சீனா (980–1037) ஒவ்வொரு நாடித்துடிப்பையும் விரிதல், ஓய்வு, சுருங்குதல், ஓய்வு என நான்காகப் பிரித்தார். அளவு, வேகம், நாளத்தின் மென்மை, ஒழுங்கு உள்ளிட்ட பத்துக் கூறுகளால் நாடியை ஆராய்ந்தார். அவரே அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, இதயத்தில் மூன்று அறைகள் உண்டு என்றும் எழுதினார். 1242இல் அவரது நூலின் உடற்கூறியல் பகுதிக்கு உரை எழுதிய இப்னு அல்-நஃபீஸ், இடைச்சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று மறுத்தார். இவர் டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றியவர்.

இனி வகுப்பறைச் செயல்பாடு. மாணவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து, அமர்ந்த நிலையிலும் குதித்த பின்னரும் ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணட்டும். மேலே கண்ட கருத்துகளை ‘பார்த்து அறிந்தது’, ‘ஊகித்தது’ என இரு பத்திகளில் பிரித்து எழுதட்டும். பிறகு ஹார்வியின் வழியில் ஒரு கணக்கு: ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு எனில் 5,040 மி.லி. வயது வந்தவர் உடலிலுள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான். நிமிடந்தோறும் இவ்வளவு இரத்தத்தைக் கல்லீரல் புதிதாக உண்டாக்க முடியுமா?

இந்த இடத்தில் விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை. “அதே இரத்தம்தான் திரும்பி வருகிறது” என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். பெரிய அறிஞரின் நூலையும் சான்று கொண்டு கேள்வி கேட்கலாம் என்பதையும் அவர்கள் கூடவே கற்றுக்கொள்கிறார்கள்.