வீட்டுக்குள் பொது, வெளியே பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூர் தேக்கா பக்கம், பஃபலோ சாலை வீவக வீட்டில் உன்னோடு தங்கியிருக்கும் மூவரும் சேர்ந்து ஒரு பிரிண்டர் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஒருவருடைய பாஸ்போர்ட் நகல், இன்னொருவருடைய சம்பளச் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது என்று எல்லாம் அதன் வழியேதான் போகும். அதனால் பிரிண்டரையும் ஒரு கணினியாகவே நினைத்துப் பாதுகாக்க வேண்டும்.

2018 நவம்பரில் ஒருவர், இணையத்தில் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து, ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் தாளை அச்சிட வைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. அச்சுக் கட்டளையை வாங்கும் 9100ஆம் போர்ட், வெளியுலகுக்குத் திறந்திருந்தது. அந்த வழியில் வந்ததை, அனுப்பியவர் யார் என்று கேட்காமலே அவை அச்சிட்டன.

ஆகவே முதலில் ரூட்டரைப் பார். வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் பிரிண்டர் இருக்கக் கூடாது. கருவிகள் தாமாகவே வெளிவழி திறந்துகொள்ள இடம் கொடுக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிடு.

சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல், வீட்டு ரூட்டர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை நிறைவுசெய்தே விற்பனைக்கு வர வேண்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லா ரூட்டருக்கும் வைக்க முடியாது. பிரிண்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களுடையது. அதன் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்று, ஃபர்ம்வேரைப் புதுப்பி, பயன்படாத எஃப்டிபி, டெல்நெட், வைஃபை டைரக்ட் ஆகிய இணைப்பு வழிகளை மூடு. ஐபிபிஎஸ் என்னும் அச்சு முறை இருந்தால் அதையே தேர்ந்தெடு. கோப்பு மறையாக்கத்தோடு போய்ச்சேரும்.

ஞாயிற்றுக்கிழமை வரும் நண்பர்களுக்கு கெஸ்ட் வைஃபை கொடு. பெரும்பாலான ரூட்டர்களில், அதில் இணைபவர்களால் வீட்டுக் கருவிகளைத் தொட முடியாது. யாருக்காவது விமான டிக்கெட் அச்சிட வேண்டுமென்றால், கோப்பை வாங்கி நீயே அச்சிட்டுக் கொடு.

அறை காலி செய்து ஒருவர் போனால், அன்றே வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். அச்சான தாளைத் தட்டில் கிடக்க விடாதீர்கள். பிரிண்டரை விற்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லும், ஸ்கேன் அனுப்பிய மின்னஞ்சல் முகவரிகளும் அதில் தங்கியிருக்கலாம்.

இதை நீ மட்டும் செய்யாதே. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தன் தாள் பத்திரமாக இருக்கிறது என்று நால்வருக்கும் நம்பிக்கை இருந்தால்தான் அது பொதுப் பிரிண்டர்.

அன்புடன்,
அண்ணன்