கதவுக்கு எண்ணெய் பூசலாம். துடைத்த துணியில் கவனம்!



நிலை, கதவு, கட்டில் என்று மரச் சாமான் இல்லாத வீடு உண்டா? பெயிண்ட் அடிக்காத மரம் வெயிலில் காய்ந்து வெடிக்கும், ஈரத்தில் ஊறி உப்பும். ஆளி விதை எண்ணெயும் தேன் மெழுகும் பூசினால் மரம் பாதுகாப்பாக இருக்கும். இதை நாமே செய்யலாம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வோம் வாங்க.

என்ன எண்ணெய்?

ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் ஆகாதா? ஆகாது. அது காயவே காயாது, தூசிதான் ஒட்டும்.

செய்முறை

1. மரத்தைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பழைய பெயிண்ட், வார்னிஷ் இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.
2. மரத்தின் ரேகை போகும் வாக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.
3. எண்ணெயை மெல்லிசாகப் பூசி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுபடி பூசுங்கள். 2 அல்லது 3 தடவை போதும்.
4. தேன் மெழுகு 1 பங்கைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே கொண்டுவந்த பிறகே டர்பன்டைன் 3 பங்கு கலக்க வேண்டும். ஆறியதும் பூசித் தேய்த்தால் பளபளக்கும்.

கரையான் வராமல் இது தடுக்காது. அதற்குத் தனி மருந்து உண்டு.

ஆபத்து எங்கே?

துடைத்த துணியில்! இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. அப்போது சூடு உண்டாகும். கதவில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அது வெளியேற வழியில்லை. சூடு ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. 22-ஆவது மாடியில் மர வேலைக்கு மெருகு போட்டவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணியில் தீ பிடித்தது. அது 30-ஆவது மாடி வரை ஏறியது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள்.

நமக்கு ஏன் இது முக்கியம்? நெருப்பெரிச்சலில் துடைக்க எடுப்பது பனியன் வேஸ்ட்தானே! பருத்தித் துணி எண்ணெயை நன்றாக உறிஞ்சும். அதைச் சுருட்டி, பிசிறு வெட்டக் கொண்டுவந்த பனியன் மூட்டைப் பக்கத்தில் போட்டால் என்ன ஆகும்? வீடும் போகும், கம்பெனி சரக்கும் போகும்.

மறக்காதீர்கள்

* துணியைச் சுருட்டாதீர்கள், மூட்டையிலோ குப்பையிலோ போடாதீர்கள்.
* வீட்டுக்கு வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள். அட்டை மாதிரி விறைத்த பிறகே எறியலாம்.
* இல்லையென்றால் தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி, மூடி வெளியே வையுங்கள்.
* தீ பிடித்தால் உடனே 101-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியை எங்கே போடுவோம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். கதவு பளபளக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், துணி எங்கே என்று பாருங்கள்!