திண்ணையே காப்பகம்: ஊர் நாய், பூனைகளுக்கு ஒரு குழு அமைக்க முழுமையான வழிகாட்டி

தளவானூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேசுவரம் குகைக் கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள், போவார்கள். ஊரில் தங்கிவிடுவது கோணிப்பையில் கட்டி ஏரிக்கரையில் விடப்படும் குட்டிகள்தான். அவற்றில் பெரும்பாலும் பெட்டைகள். கடுவன் குட்டிக்குக் கேட்க ஆள் இருக்கும். பெட்டை என்றால் 'நாளைக்குக் குட்டி போடுமே' என்று கைவிரித்துவிடுவார்கள்.

இதற்குக் காப்பகம் கட்ட வேண்டும் என்று யாராவது நிலம் தேடக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். 1959 மழையில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி வி. சுந்தரம் சென்னையில் தன் வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார். புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. சங்கமாகப் பதிவானதுகூட 1964இல்தான்.

முதல் படி: வீடுகளை எண்ணுங்கள்

ஆட்டை வாரத்துக்கு விடுவது நமக்குத் தெரிந்த ஏற்பாடு. குட்டியைக் கொஞ்ச நாள் ஒரு வீட்டில் விட்டுத் தேற்றி, நிரந்தர வீடு பார்த்துக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பங்கு மட்டும் கிடைக்காது. பட்டணத்துக் குழுக்கள் இதை 'ஃபாஸ்டர்' என்கின்றன.

ஐந்து வீடு சம்மதித்தால் ஐந்து இடம். ஆறாவதற்கு 'இப்போது இடமில்லை' என்று சொல்லப் பழக வேண்டும். இரக்கத்தில் ஒரே வீட்டில் பத்தைச் சேர்த்தால், ஒன்றுக்கு வந்த நோய் பத்துக்கும் வரும். அக்கம்பக்கத்தில் சண்டையும் வரும். வேறு நாய் இல்லாத வீடாகப் பார்த்து முதலில் கேளுங்கள். கோழி திரியும் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மருத்துவரைக் கண்டுவையுங்கள்

குட்டியை எடுப்பதற்கு முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மாட்டுக்கே நேரம் போதாத இடம் அது. எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டுக்கொள்வது மரியாதை. கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணை ஒவ்வொருவரும் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: குட்டி வந்த முதல் நாள்

பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதும் சாவதும் இந்த ஒரு நாளில்தான்.

உடம்பு சில்லிட்டிருந்தால் பால் கொடுக்காதீர்கள். முதலில் சூடு ஏற்றுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாலே போதும். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது.

பிறகு பால். பசும்பால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். நாய்க்குட்டிக்கு, பூனைக்குட்டிக்கு என்றே தனித்தனிப் பால்பொடி விற்கிறது. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல மல்லாத்திப் புகட்டவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற இருந்தே குடிக்கட்டும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடும். தாயில்லாத குட்டிக்கு, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் நீங்கள் தடவிவிட வேண்டும்.

உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

குடற்புழு நீக்க மருந்து இரண்டு வாரத்திலேயே தொடங்கலாம். நாய்க்குட்டிக்குப் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். குட்டியை வாங்கிப்போகிறவர் கையில் அந்த நோட்டுத்தான் போக வேண்டும்.

நான்காம் படி: கடி, கீறல்

குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வேண்டாம். அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். அறிகுறி வந்தபின் வெறிநோய்க்கு வைத்தியம் இல்லை என்பதைக் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தத்துக் கொடுப்பது

எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் அந்த வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் அரை முழச் சங்கிலி தொங்கினால் பேச்சை மாற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். 'ராஜபாளையம் இருக்கா, சிப்பிப்பாறை இருக்கா' என்று கேட்பவர்களும் வருவார்கள். பதில் சொல்லி மாளாது.

கருத்தடைக்குச் சம்மதம் எழுதி வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டு அதே ஏரிக்கரையில் அதே கோணிப்பை. தெருநாய்களுக்கான கருத்தடையை நீங்களாக ஏற்பாடு செய்ய முடியாது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி பெற்ற அமைப்புதான் செய்யலாம். ஊராட்சி மூலமாகக் கேளுங்கள். சிகிச்சை முடிந்த நாய்க்குக் காதில் சிறு வெட்டு இருக்கும், பிடித்த இடத்திலேயே விடுவார்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெருவில் நாய் தொல்லை என்று கோபத்தில் இருப்பவரையும் இந்த வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். குட்டி குறைய வேண்டும் என்பதில் அவரும் நீங்களும் ஒரே கட்சி.

ஆறாம் படி: காசு

ரசீது, நோட்டு, மாதக் கடைசியில் குழுவில் கணக்கு. அவ்வளவுதான்.

குட்டி போன பிறகு

நிரந்தர வீட்டுக்கு ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை போன் செய்யுங்கள். ஒத்துவரவில்லை என்றால் முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டில் குட்டி படுத்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, சாக்கை எரித்துவிடுங்கள். பார்வோவில் குட்டி செத்த வீடாக இருந்தால் கழுவினாலும் போதாது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த வீட்டு அம்மா எத்தனை ஆசையாகக் கேட்டாலும், அடுத்த சில மாதத்துக்குத் தடுப்பூசி முடிந்த பெரிய நாயை மட்டும் கொடுங்கள்.